கடைசி பெஞ்சுப் பையனைப் பார்த்தீர்களா?

காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். கணிதப் பட்டதாரி, பி.எட். முடித்தவர், ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியவர். இந்தக் கோடையில் வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை என்று 5 தனியார் பள்ளிகளில் நேர்காணலுக்குப் போய் வந்திருக்கிறார். ஐந்திலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியாகப் போன பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு 10 நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் தலைமையாசிரியை கேட்ட முதல் கேள்வி: "கடைசி பெஞ்சில் ஒரு பையன் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தானே, பார்த்தீர்களா?" இவர் சொன்ன பதில்: "பார்த்தேன் மேடம். 10 நிமிடத்துக்குள் பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது." அன்று இரவு முழுவதும் தூக்கம் வரவில்லையாம். "ஆசிரியராக இருப்பதற்கான மனமே எனக்கு இல்லையோ?" என்று கேட்கிறார்.

நான் இந்த மாவட்டத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாகவும் பிறகு தலைமையாசிரியையாகவும் இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் சில பள்ளிகள் கோடையில் தேர்வுக் குழுவில் உட்காரக் கூப்பிடுகின்றன. மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அம்மா, முதலில் அந்த ஐந்து 'இல்லை'களையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவற்றில் உங்களைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. கணிதத்துக்கு ஒரே ஓர் இடம் இருக்கும், அதே பள்ளியில் ஏற்கெனவே பத்தாம் வகுப்புக்கு எடுப்பவரின் உறவினர் ஒருவர் விண்ணப்பித்திருப்பார். விலகப்போவதாகச் சொன்ன ஆசிரியை மனம் மாறி இருந்துவிடுவார். உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால் நிர்வாகம் யோசிக்கும். "திருமணம் எப்போது?" என்று கேட்டு, பதிலை வைத்தே முடிவெடுக்கும் பள்ளிகளும் இருக்கின்றன, அது தவறு, ஆனாலும் நடக்கிறது. இதில் எதுவும் உங்கள் கற்பித்தலைத் தொடவில்லை. ஆகவே முடிவை விட்டுவிட்டு, அந்த அறைகளில் நீங்கள் செய்ததையும் சொன்னதையும் மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தகுதித் தேர்வில் 150 வினாக்கள். அதில் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும். அந்த முப்பதையும் சரியாக எழுதிவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் முகத்தைப் படிக்கத் தெரியாமல் ஒருவர் இருக்க முடியும். அரசுப் பள்ளிப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைத்து நிரப்புகிறது. பாடம் நடத்திக் காட்டச் சொல்வதில்லை. பி.எட். இரண்டாண்டுப் படிப்பான பிறகு 20 வாரம் பள்ளியில் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த வாரங்களில் பயிற்சி ஆசிரியர்கள் வகுப்பை விட அதிகமாகப் பாடத்திட்ட நோட்டையும் கற்பித்தல் கருவிகளையும் தயாரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்களைத் தெரியாத மூன்று பேர் பின்னால் உட்கார்ந்து, உங்களைத் தெரியாத 35 பிள்ளைகளோடு நீங்கள் இருக்கும் விதத்தைக் கவனிப்பது பெரும்பாலும் இந்தத் தனியார் பள்ளி, உதவி பெறும் பள்ளி நேர்காணல்களில்தான் முதன்முதலாக நடக்கிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது.

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன்.

நீங்கள் "பார்த்தேன்" என்று சொன்னீர்கள். அதை அலட்சியமாகக் கடந்துபோகாதீர்கள். இதே கேள்வியை நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். "எந்தப் பையன் மேடம்?" என்று திரும்பிக் கேட்பவர்களே அதிகம். கரும்பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவிலேயே அவர்கள் கண் நின்றுவிடும். உங்கள் கண் கடைசி பெஞ்சு வரை போயிருக்கிறது. பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டும் உங்களிடம் இருக்கின்றன.

அடுத்ததைத்தான் யோசிக்க வேண்டும். பார்த்த பிறகு யாருக்காகப் பாடத்தைத் தொடர்ந்தீர்கள்? பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்காக. அவர்கள் கையில் வேலை இருந்தது, பையன் கையில் எதுவும் இல்லை. இது உங்கள் மனக்கோளாறு என்று நான் நினைக்கவில்லை. நெருக்கடியில் யாருக்கும் வருவது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அந்த மூன்று நாற்காலிகளும் வருடம் முழுவதும் உங்கள் வகுப்பின் பின்னால் இருக்கும். ஒரு மாதம் அதில் 'போர்ஷன்' உட்கார்ந்திருக்கும், ஒரு மாதம் அரையாண்டுத் தேர்வு உட்கார்ந்திருக்கும், இன்னொரு மாதம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி கேட்கும் தாளாளர் உட்கார்ந்திருப்பார். படுத்திருக்கும் பையன் படுத்தே இருப்பான்.

தண்ணீரைப் பற்றி இரண்டு பேர் எடுத்த மாதிரி வகுப்புகள் எனக்கு மறக்கவில்லை. ஒரே நாள் காலை, ஒரே ஆறாம் வகுப்பு, நீர்ச்சுழற்சி. முதலில் வந்தவர் அழகான அட்டைப் படம் கொண்டுவந்திருந்தார். சூரியன், கடல், மேகம், மலை, ஆறு எல்லாம் வண்ணத்தில். குரல் கணீரென்று இருந்தது. எட்டாவது நிமிடத்தில் நடு பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ஆறு எப்போதும் கடலுக்குப் போகும் என்கிறீர்கள் டீச்சர், நம் பாலாற்றில் ஏன் தண்ணீரே இல்லை?" அவர் ஒரு நொடி எங்களைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "அது இந்தப் பாடத்தில் இல்லை, உட்கார்" என்றார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். வகுப்பில் அதன் பிறகு ஒரு கையும் உயரவில்லை.

இரண்டாவதாக வந்தவரிடம் அட்டைப் படம் இல்லை. அவரிடமும் அதே பெண் அதே கேள்வியைக் கேட்டாள். (பிள்ளைகள் விடமாட்டார்கள். பதில் கிடைக்காத கேள்வியை அடுத்த ஆளிடம் கொண்டுபோவார்கள்.) அவர் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, "நீ பாலாற்றில் தண்ணீர் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். "2021 நவம்பரில் பார்த்தேன் டீச்சர், பாலத்தைத் தொட்டுக்கொண்டு போனது" என்றாள் அவள். உடனே நான்கைந்து பேர் அவரவர் பார்த்த வெள்ளத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். கர்நாடகத்தில் நந்திமலையில் பிறந்து ஆந்திரத்தைக் கடந்து இங்கே வரும் ஆறு, வழியில் ஏரிகளும் தடுப்பணைகளும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நமக்கு, இங்கே மணலையும் அள்ளிவிட்டோம் என்ற அளவுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, சொன்னார். "இன்னும் சரியாகத் தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன்" என்றும் சேர்த்துச் சொன்னார். நீர்ச்சுழற்சி பாதியில் நின்றுவிட்டது. மணி அடித்துவிட்டது.

குழுவில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பாடத்தை முடிக்காதவருக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் இரண்டாமவருக்காகப் பேசினேன், இன்றும் அதே பக்கம்தான் பேசுவேன். ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது முதலாமவரைப் பற்றி. வெளியே வராந்தாவில் நின்றிருந்தபோது அவரே என்னிடம் வந்து, "அந்தக் கேள்வி வந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது மேடம். பதில் தெரியாது என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள் என்று பயந்தேன்" என்றார். எவ்வளவு பெரிய விஷயத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார் பாருங்கள். தெரியாதபோது தனக்கு வருவது பயம், அந்தப் பயம் வெளியே வரும்போது கண்டிப்பின் வடிவத்தில் வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாத ஆசிரியர்கள் ஓய்வு பெறும் வரை "உட்கார்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கரும்பலகையில் பிழை வந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு தமிழாசிரியர் 'சுற்றுசூழல்' என்று எழுதிவிட்டார். முதல் பெஞ்சுப் பையன், "ஐயா, நடுவில் ச் வரும்" என்றான். அவர் காது வரை சிவந்துவிட்டார். ஒரு சிலர் கேட்காததுபோல் அடுத்த வரிக்குப் போவார்கள், ஒரு சிலர் "உங்களைச் சோதிக்கத்தான் அப்படி எழுதினேன்" என்பார்கள். இவர் சாக்பீஸைப் பையனிடம் நீட்டி, "வந்து போடு" என்றார். அவன் வந்து ச்-ஐ நுழைக்க இடம் போதாமல் மேலே சின்னதாக எழுதி ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான். பிறகு அங்கே ஏன் ஒற்று மிகுகிறது என்று இரண்டு வரியில் சொல்லிக்கொடுத்தார். நல்ல தமிழாசிரியருக்கு இந்தப் பிழை வரலாமா என்றால், வரக்கூடாது. பதற்றத்தில் வந்துவிட்டது. வந்த பிறகு அவர் கை தானாக நீண்டதே, அதைப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க முடியாது.

என் முதல் நேர்காணலைச் சொல்கிறேன். 1988. திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிவதற்கு ஒரு வருடம் முன்பு. எங்கள் எல்லோருக்கும் அப்போது வட ஆர்க்காடுதான். ஓர் உதவி பெறும் பள்ளி. வெள்ளை வேட்டியில் வயதான தலைமையாசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஏன் இந்த வேலைக்கு வருகிறாய் அம்மா?" என்று கேட்டார். "எனக்குக் குழந்தைகள் என்றால் மிகவும் பிடிக்கும் ஐயா" என்றேன். மனப்பாடம் செய்து கொண்டுபோன பதில். அவர் தலையாட்டிவிட்டு, "சரி, உனக்குப் பிடிக்காத ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பயிற்சியின்போது நான் போன பள்ளியில் ஒரு பையன் இருந்தான். எட்டாம் வகுப்பு, என்னைவிட உயரம். நான் கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பின்னாலிருந்து ஏதாவது சத்தம் வரும். அவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்: திமிர் பிடித்தவன், மற்றவர்களையும் கெடுக்கிறான், கேள்வி கேட்டால் முறைக்கிறான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்றார். தெரியாது என்றேன். "எந்தப் பாடத்தில் நன்றாகப் படிப்பான்?" தெரியாது. "அவன் பெயர்?" பெயர் நினைவுக்கு வரவில்லை. 40 நாள் அந்த வகுப்புக்குப் போயிருந்தேன்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஆர்க்காடு தாண்டிய பிறகு அவன் பெயர் நினைவுக்கு வந்தது. கூடவே, அவன்மேல் எனக்கு இருந்தது வெறுப்பு இல்லை, பயம் என்பதும் புரிந்தது. உயரமான பையன்கள் பின்னால் நிற்பது எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வருடம் வேறொரு பள்ளியில் வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், வகுப்பில் உயரமான பையன்கள் யாரென்று பார்த்து அவர்களிடம் முதல் வாரமே தனித்தனியாகப் பேசியது. இது எனக்கு அந்தப் பெரியவர் கொடுத்தது.

அதனால்தான் தயார் செய்துகொண்டு போகும் பதில்களுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. "அடிப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது என்று பிரிவு எண்ணோடு சொல்வார்கள். "நேற்று சொல்லிக்கொடுத்ததை இன்று மூன்றாவது முறையாகத் தப்பாகச் செய்கிறான், உங்களுக்கு என்ன தோன்றும்?" என்று கேட்டால்தான் தயங்குவார்கள். எரிச்சல் வரும் என்று ஒப்புக்கொள்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். எரிச்சல் வருவதே இல்லை என்பவர்கள் தன்னைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பகுதிக்கென்றே உள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள். குடியாத்தம், காட்பாடி எல்லையோரத்தில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள். ஒரே வகுப்பில் மூன்று வீட்டு மொழிகள் இருக்கும், பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு நேர்காணலில், ஒரு சிறுமி தண்ணீருக்குப் 'பானி' என்று சொன்னதும் ஆசிரியை முகம் சுளித்துத் திருத்தினார். செய்தது தெரியாமலே செய்தார். பிறகு நாங்கள் சொன்னபோது நம்பவே இல்லை, "நானா?" என்றார். வாணியம்பாடிக்காரர் ஒருவர், தானே உருது பேசும் வீட்டிலிருந்து வந்தவர், அதே இடத்தில் 'பானி', 'நீள்ளு', 'தண்ணீர்' மூன்றையும் பலகையில் தமிழ் எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு அதன் கீழே ஆங்கிலச் சொல்லை எழுதினார். நான் பல வருடம் அந்தப் பகுதியில் வேலை செய்தும் எனக்குத் தோன்றாத காரியம் அது. எந்தக் குழந்தையின் பேச்சைக் கேட்டால் உங்கள் முகம் மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் சொன்னால் மனம் நோகாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தன்னைக் குறைத்துக்கொள்வது. "முன் அனுபவம்?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் இரண்டு வருடம் தன்னார்வலராக இருந்ததைச் சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, கொரோனாவில் எழுத்தையே மறந்துபோன 20 பிள்ளைகளைத் தினமும் மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் படிக்கவைத்தவர். அதை அனுபவம் என்று எண்ண அவருக்குத் தோன்றவில்லை, காரணம் அதற்குச் சம்பளப் பட்டியல் இல்லை. நீங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா? தம்பிக்கு? விண்ணப்பத்தில் எழுதினீர்களா?

சம்பளப் பேச்சும் உங்களை உங்களுக்குக் காட்டும். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிடுங்கள், வருடம் முடிந்ததும் தருகிறோம் என்று சில பள்ளிகளில் கேட்கிறார்கள். மே மாதம் வெயிலில் வீடு வீடாகப் போய் இத்தனை சேர்க்கை பிடித்து வர வேண்டும் என்கிறார்கள். அந்த நொடியில் உங்கள் வாயிலிருந்து "சரி" என்று வந்ததா, "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்ததா? குடும்பத்தில் கஷ்டம் இருந்தால் "சரி" என்றுதான் வரும், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அசலை மட்டும் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டு எடுத்து வந்துவிடுங்கள். பணி ஆணையை எழுத்தில் கேளுங்கள். எதற்குத் தலையாட்டமாட்டேன் என்பதைப் பள்ளி வாசலில் ஏறும் முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். உள்ளே போன பிறகு முடிவு செய்ய முடியாது.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். மனம் இல்லாதவருக்கு அன்று இரவு தூக்கம் கெட்டிருக்காது. மனம் இருக்கிறது; கையில் வழி இல்லை. அது பழகிக்கொள்ளக் கூடியது. அடுத்த முறை 10 நிமிடம் கொடுத்தால் 6 நிமிடப் பாடம் மட்டும் தயார் செய்யுங்கள். கணக்கைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் போடச் சொல்லிவிட்டு, இரண்டு வரிசைக்கு நடுவே நடந்து கடைசி பெஞ்சு வரை போங்கள். குழுவினருக்கு முதுகு காட்டிக்கொண்டு போவதாக இருக்கும், பரவாயில்லை. படுத்திருக்கும் பையனின் மேசையில் விரலால் மெதுவாக ஒரு தட்டு. பெயர் கேளுங்கள். "உடம்பு சரியில்லையா?" என்று அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேளுங்கள். காய்ச்சலாக இருக்கலாம், சாப்பிடாமல் வந்திருக்கலாம், விடியற்காலையில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்திருக்கலாம், கணக்கே பிடிக்காமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அவன் நோட்டில் முதல் வரியை நீங்களே எழுதிக் கொடுத்து, "அடுத்த வரி நீ போடு, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். முன்னால் வந்து மறுபடி பாடத்தைப் பிடிக்க உங்களுக்கு அரை நிமிடம் ஆகும். மணி அடிப்பதற்குள், சொன்னபடி, திரும்பிப் போய் அவன் நோட்டைப் பாருங்கள்.